கிந்தா பள்ளத்தாக்கில் மட்டும் ஏன் அவ்வளவு ஈயம்? சிங்கப்பூருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

குடும்பத்தோடு ஈப்போ போகிறோம், போவதற்கு முன் இந்த இரண்டு விஷயமும் தெரிய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் அம்மா ஈப்போவுக்குப் பக்கத்து ஊரான பத்து காஜாவில் பிறந்து சிங்கப்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். பள்ளி விடுமுறை என்றாலே எங்களுக்கு அந்தப் பக்கம்தான். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

கிந்தா பள்ளத்தாக்கு மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவைச் சுற்றி இருக்கிறது. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், மேற்கே கிளேடாங் மலைத்தொடர். நடுவே கிந்தா ஆறு தெற்கே ஓடிப் பேராக் ஆற்றில் கலக்கிறது. ஈப்போவுக்கு வடக்கே பள்ளத்தாக்கு குறுகல், தெற்கே போகப் போக அகன்று சமவெளியாகிவிடும். நீங்கள் இங்கிருந்து காரில் போனால் கம்பார் தாண்டி கோப்பெங் வரும்போது சாலையோரம் வெள்ளை வெள்ளையாகச் செங்குத்து மலைகள் எழும்பி நிற்கும். அவை சுண்ணாம்புக்கல். அதற்கும் பின்னால் நீலமாகத் தெரிவது கருங்கல் மலை. இந்த இரண்டு கல்லும் பக்கத்தில் பக்கத்தில் அமைந்ததுதான் கிந்தாவின் அதிர்ஷ்டம்.

சுண்ணாம்புக்கல் மூத்தது, கடலடியில் படிந்தது. அதன் பிறகு, சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன், பாறைக் குழம்பு அடியிலிருந்து மேலே வந்து, வெளியே வராமல் உள்ளேயே ஆறிக் கருங்கல்லானது. ஆறி முடியும் நேரத்தில் மிஞ்சிய சூடான நீர்மம் வெடிப்புகளில் புகுந்து காசிட்டரைட் என்ற ஈயத் தாதுவைப் படியவிட்டது. (ஈயம் என்று நான் சொல்வதெல்லாம் வெள்ளீயம்தான்.) அப்புறம் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மழை. கருங்கல் மக்கி மணலும் களிமண்ணுமாக இறங்கியது. காசிட்டரைட் மக்காது. மணலைவிட இரண்டரை மடங்கு கனம் வேறு. ஆற்றால் அதை அதிக தூரம் இழுத்துப்போக முடியவில்லை.

இதே மலைத்தொடரின் அடிவாரத்தில் வேறு ஆறுகளும் ஓடுகின்றன. கிந்தாவின் தனிச்சிறப்பு அதன் தரை. வண்டல் மண்ணுக்கு அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல், அது தண்ணீரில் கரையக்கூடியது. கரைந்து கரைந்து, மண்ணுக்குள்ளே கூர்கூராகப் பாறைத் தூண்களும் இடையில் ஆழமான குழிகளும் உண்டாகிவிட்டன. மலையிலிருந்து இறங்கிய ஈய மணல் அந்தக் குழிகளில் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது. ஒரு காலத்தில் உலகிலேயே அதிகமாக ஈயம் கொடுத்த பகுதி இது என்றால், மலை கொடுத்தது பாதி, தரை பிடித்துவைத்தது பாதி என்றுதான் நான் சொல்வேன்.

அம்மாவின் பெரியம்மா வீட்டில் ஒரு பழைய பால் டின்னில் ஈய மணல் கொஞ்சம் இருந்தது. கருப்பும் பழுப்புமாக இருக்கும், வெயிலில் காட்டினால் பொடிப் பொடியாக மின்னும். ஒரு பிடி அள்ளினால் கை தானாகக் கீழே இறங்கும், அவ்வளவு கனம். அந்தக் கனத்தை நம்பித்தான் தொழிலே நடந்தது. உரிமம் வாங்கிய பெண்கள் முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்று, டூலாங் என்ற அகலமான மரத்தட்டைச் சுழற்றுவார்கள். நம் வீடுகளில் அரிசியில் கல் அரிப்பார்களே, அதே கை வாகு. மணல் ஓரமாக வழிந்துவிடும், ஈயம் நடுவில் நிற்கும். பெரிய லம்பங்களில், அதாவது திறந்த ஈயச் சுரங்கங்களில், குழாய் நீரைப் பீய்ச்சி மண்சுவரை உடைத்து, அந்தச் சேற்றைப் பம்பில் ஏற்றிப் பாலோங் என்ற உயரமான மரச்சரிவில் ஓடவிடுவார்கள். அங்கும் கனமானது குறுக்குக் கட்டைகளில் தங்கும், லேசானது ஓடிவிடும். பாறைத் தூண்களுக்கு நடுவே ஈயக் கப்பலின் (தண்ணீரில் மிதந்தபடி வாளிகளால் மண்ணைத் தோண்டும் இயந்திரம்) வாளிகள் நுழைய முடியாத இடங்களில் இந்தப் பம்பு முறைதான் கடைசிவரை கைகொடுத்தது.

சரி, சிங்கப்பூர். 1880களில் கிந்தாவுக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்கள், முக்கியமாகச் சீனர்கள், வந்து குவிந்த காலத்தில், 1887ல் சிங்கப்பூரில் ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் நிறுவனம் தொடங்கியது. 1890ல் பிரானி தீவில் அதன் உருக்காலை வந்தது. செந்தோசாவுக்குப் போகும்போது இடப்பக்கம் கொள்கலன்கள் அடுக்கியிருக்கிறதே, அந்தத் தீவுதான். தீபகற்பத்தின் ஈய மணல் ஏராளமாக இங்கே வந்து, கரியோடு சேர்த்து உருக்கப்பட்டுக் கட்டிகளாக லண்டனுக்குப் போனது. லண்டன் உலோகச் சந்தையில் இன்றைக்கும் மூன்று மாத ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. மலாயா ஈயமும் சிலி நாட்டுச் செம்பும் கப்பலில் அங்கே போய்ச் சேர ஆன காலத்தை வைத்து வந்த வழக்கம் அது. இன்னொன்றும் சொல்லலாம். சௌத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் அதே சாலையில் யூ யான் சாங் மருந்துக்கடையைப் பார்த்திருப்பார்கள். அதன் முதல் கடை 1879ல் கோப்பெங்கில், ஈயத் தொழிலாளர்களுக்காகத் திறந்தது.

நம் ஆட்கள் லம்பங்களைவிட ரயில் பாதையிலும் சாலைகளிலும் ரப்பர் தோட்டங்களிலும்தான் அதிகம் உழைத்தார்கள். 1895ல் ஈப்போவையும் தெலுக் அன்சன் (இன்றைய தெலுக் இந்தான்) துறைமுகத்தையும் இணைத்த ரயில், அந்த ஈயம் கடலுக்குப் போகும் வழியை எளிதாக்கியது. பத்து காஜா பக்கம் வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி 1915ல் கட்டத் தொடங்கிய மாளிகைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களில் பலரை விஷக்காய்ச்சல் கொண்டுபோனது. தொழிலாளர்கள் கேட்டதற்கிணங்க அவர் ஒரு மாரியம்மன் கோயில் கட்டிக்கொடுத்தார். கோயில் கூரையில் சாமிகளுக்கு நடுவே தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரர் சிலை நிற்கும். 1926ல் அவர் லிஸ்பனில் இறந்துபோக, மாளிகை முடியாமலே நின்றுவிட்டது. எல்லோரும் மாளிகையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கோயிலைப் பார்க்காமல் வருவது எனக்கு மனசுக்கு ஒப்பாத காரியம், அதைக் கேட்டு வாங்கியவர்கள் நம்மவர்கள்.

1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றத்திடம் பணம் தீர்ந்து, விலையைத் தாங்கிப் பிடிக்க முடியாமல் போனது. விலை பாதிக்கும் கீழே விழுந்தது. லம்பங்கள் வரிசையாக மூடின. லம்பக் குழிகளில் தண்ணீர் தேங்கி உண்டான ஈயக் குட்டைகள் பலவற்றில் இன்று மீன் வளர்க்கிறார்கள். கம்பாரில் பல்கலைக்கழகமே அந்த நிலத்தில்தான் எழும்பியிருக்கிறது.

ஆனால் கனிமக் கதை அதோடு முடியவில்லை. ஈயத்தைப் பிரித்தபின் மிஞ்சும் ஆமாங் என்ற கரு மணலில் அரிய மண் தனிமங்கள் (காந்தம், மின்னணுக் கருவிகள் போன்றவற்றுக்கு வேண்டிய உலோகங்கள்) இருக்கின்றன, கூடவே கதிரியக்கத் தோரியமும் உண்டு. ஈப்போவுக்குப் பக்கத்தில் புக்கிட் மேராவில் 1982ல் அதைப் பிரிக்கும் ஆலை வந்தது. ஊர் மக்கள் வழக்குப் போட்டுப் போராடினார்கள். 1994ல் ஆலை மூடப்பட்டது. அரிய மண் தேவை என்று உலகமே பேசும் இந்த நாட்களில், புக்கிட் மேரா மக்கள் பட்டதை யாரும் மறந்துவிடக் கூடாது. அதேபோல் சுண்ணாம்பு மலைகளையும் சிமெண்டுக்காகவும் பளிங்குக்காகவும் வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள். 2018ல் கிந்தா பள்ளத்தாக்கைத் தேசியப் புவிப்பூங்காவாக, அதாவது நிலவியல் சிறப்புக்காகப் பேணும் பகுதியாக, அறிவித்தது எனக்கு ஓரளவு நிம்மதி.

எனக்குத் தெரிந்த வரிசையில் பாருங்கள். முதலில் கோப்பெங் அருகே தெம்புரோங் குகை. அங்கே சுண்ணாம்புக்கல்லைத் தண்ணீர் எப்படிக் குடைந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம், உள்ளேயே ஈயமும் எடுத்திருக்கிறார்கள். பிறகு தஞ்சோங் துவாலாங் சாலையில் 1938ல் கட்டி 1982 வரை ஓடிய ஈயக் கப்பல். அப்படியே கெல்லி மாளிகை, கோயில். ஈப்போவில் கல்லுமலை முருகன் கோயில், தைப்பூசத்துக்குப் புந்தோங்கிலிருந்து ரதம் வரும் இடம். குகையில் ஆற்றுக்குள் இறங்கி நடக்கிற வழியும் உண்டு. பிள்ளைகளோடு போகிறீர்கள் என்றால் மாற்றுத் துணி எடுத்துக்கொள்ளுங்கள்.