மாடம் கிடைக்காத கோடீஸ்வரி

கேள்வி: 1885-ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடக்கும் தொடர்கதை எழுதுகிறேன். ரயில்பாதைத் தொழிலில் பணம் குவித்த கணவன், பழைய ஓபரா அரங்கில் பெருந்தொகை கொடுத்து ஒரு மாடம் (குடும்பத்தோடு உட்காரும் தனி இருக்கை அறை) வாங்குகிறான். மறுநாளே மனைவி, மேட்டுக்குடியின் தலைவியான கரோலின் ஆஸ்டரின் வீட்டுக்குப் போகிறாள். இப்படி நடந்திருக்குமா?

பதில்: இரண்டுமே நடந்திருக்காது. முதலில் மாடத்தைப் பார்ப்போம். 14-ஆம் தெருவில் இருந்த பழைய ஓபரா அரங்கான அகாடமி ஆஃப் மியூசிக்கில் மாடங்கள் 18 மட்டுமே. அவை பழைய குடும்பங்களின் கையில் இருந்தன. ரயில்பாதைக் கோடீஸ்வரர் வில்லியம் ஹென்றி வாண்டர்பில்ட் 30,000 டாலர் தருவதாகச் சொல்லியும் மறுத்துவிட்டார்கள் என்பார்கள். விற்றால் விற்றவருக்கு உட்கார இடமில்லை. பணத்தால் அதைச் சரிக்கட்ட முடியாது. அதனால்தான் புதுப் பணக்காரர்கள் சேர்ந்து 39-ஆம் தெருவில் மெட்ரோபாலிட்டன் ஓபரா ஹவுஸைக் கட்டினார்கள். 1883 அக்டோபர் 22-இல் அது திறந்தது. மாடங்கள் நூற்றுக்கும் மேல். 1886-இல் அகாடமியில் ஓபரா நின்றே போனது. எனவே உங்கள் கதையை 1880-க்கு நகர்த்துங்கள். 1885-இல் அந்தக் கணவன் பழைய மாடத்துக்காக அலைய வேண்டியதே இல்லை.

அடுத்தது வீட்டுக்குப் போவது. அந்தஸ்தில் மேலிருப்பவர்தான் முதலில் விசிட்டிங் கார்டு அனுப்ப வேண்டும். சீமாட்டி வண்டியிலேயே இருப்பார். பணியாள் இறங்கிக் கார்டைக் கொடுப்பான். அது வராதவரை உங்கள் நாயகி அந்தப் படியேறக் கூடாது, விருந்துக்கும் அழைக்க முடியாது. இந்த முடிச்சைத்தான் வில்லியம் ஹென்றியின் மருமகள் ஆல்வா வாண்டர்பில்ட் தன் பக்கம் திருப்பினார். 1883 மார்ச் 26-இல் ஐந்தாம் அவென்யூ மாளிகையில் அவர் மாறுவேட நடன விருந்து வைத்தார். ஆஸ்டரின் மகள் கேரி அதற்காகத் தோழிகளோடு நடனம் பழகிக்கொண்டிருந்தாள். 'உங்கள் அம்மா எனக்குக் கார்டு அனுப்பியதில்லையே, எப்படி அழைப்பது?' என்று ஆல்வா கேட்டனுப்பியதாகவும், ஆஸ்டர் கார்டு அனுப்பியதாகவும் சொல்லப்படும் கதை உண்டு. அது உண்மையோ இல்லையோ, ஆஸ்டர் அந்த விருந்துக்கு வந்தார்.

உங்கள் கதைக்கு இதைவிட நல்ல களம் பேட்ரியார்க்ஸ் நடனங்கள். மேட்டுக்குடியில் யாரைச் சேர்ப்பது என்று தீர்மானித்த வார்ட் மெக்காலிஸ்டர் 1872-இல் தொடங்கியது. உறுப்பினர்கள் 25 ஆண்கள், ஒவ்வொருவரும் நான்கு பெண்களையும் ஐந்து ஆண்களையும் அழைக்கலாம். அழைத்த விருந்தாளி சரியில்லை என்றால் அழைத்தவரின் பெயர்தான் கெடும். உங்கள் நாயகிக்கு இரக்கப்படும் ஒரு உறுப்பினரைப் படையுங்கள். இந்தப் பயமே அவர் கையைக் கட்டிப்போடும். தனியாக வில்லன் தேவையில்லை.

ஆஸ்டர் வாயில் 'நாங்கள் பரம்பரைப் பணக்காரர்கள்' என்று அளவுக்கு மீறிப் பேசவிடாதீர்கள். பழைய டச்சுக் குடும்பம் என்பது அவரது பிறந்த வீட்டுப் பெருமை. ஆஸ்டர் சொத்தோ, அவர் கணவரின் தாத்தா மிருகத்தோல் வியாபாரத்திலும் மன்ஹாட்டன் நிலத்திலும் சேர்த்தது. தாத்தா இறந்தது 1848-இல்; வாண்டர்பில்ட் செல்வத்தைத் தொடங்கிய கிழவர், வில்லியம் ஹென்றியின் அப்பா கொர்னீலியஸ் இறந்தது 1877-இல். பழைய பணத்துக்கும் புதுப் பணத்துக்கும் இடைவெளி 29 வருடம்தான். கதையில் ஆஸ்டர் முகத்தில் இறுக்கம் வர வேண்டிய இடம் இதுதான்.