காட்டுக்குள் டிஸ்க் கோல்ஃப்: நார்த்வுட் பிளாக் எனக்குச் சரிப்படுமா?

கேள்வி: ஒரு வருடமாகத் திறந்தவெளி பார்க்குகளில் டிஸ்க் கோல்ஃப் ஆடி வருகிறேன். ஓரளவு தூரம் எறிவேன். நண்பர்கள் இல்லினாய் மாநிலம் மார்ட்டனில் இருக்கும் நார்த்வுட் பிளாக் மைதானத்துக்குக் கூப்பிடுகிறார்கள். முழுக்க மரங்கள் என்கிறார்கள். என்னைப் போன்றவர்களுக்கு அது சரிப்படுமா? எப்படி ஆட வேண்டும்?

பதில்:

தாராளமாகப் போகலாம். பார்க்கில் உங்களுக்குக் கைகொடுத்த பலம் அங்கே பெரிதாக எடுபடாது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். திறந்தவெளியில் ஆடுகிறவர்கள் எல்லோரும் தூரத்தைத்தான் பேசுவார்கள். முந்நூறு அடி எறிந்தேன், முந்நூற்றைம்பது எறிந்தேன் என்பார்கள். காட்டில் டிஸ்க் உங்கள் கையை விட்டுக் கிளம்பிய முதல் அறுபது அடிதான் ஆட்டம். மிச்சமெல்லாம் அப்புறம்.

இந்த ஆட்டமே தெரியாமல் இங்கே வந்தவர்களுக்கு இரண்டு வரி. கோல்ஃப் மாதிரியே டீயில் (எறியத் தொடங்கும் இடம்) தொடங்கி, எவ்வளவு குறைந்த எறிதல்களில் இலக்கை அடைகிறோம் என்பதுதான் கணக்கு. பந்துக்குப் பதில் டிஸ்க் என்ற பிளாஸ்டிக் எறிதட்டு, குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. ஒரு டீயிலிருந்து அதன் கூடை வரை ஒரு ஹோல். வாம்-ஓ என்ற பொம்மை நிறுவனத்தில் ஃபிரிஸ்பீயை மேம்படுத்திய எட் ஹெட்ரிக்தான் 1975ல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பார்க்கில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார். சங்கிலிக் கூடையும் அவர் கைவண்ணமே. 2002ல் அவர் இறந்ததும், அவர் விருப்பப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கோடு கலந்து டிஸ்க்குகளாக வார்த்தார்கள். நாம் காசியிலும் ராமேஸ்வரத்திலும் கரைப்போம். மனிதர் போன பிறகும் பறக்க ஆசைப்பட்டிருக்கிறார்.

சரி, நார்த்வுட் பிளாக். நான் இருப்பது புளூமிங்டன்-நார்மலில். இன்ஷூரன்ஸ் கம்பெனி ப்ராஜெக்ட்டுக்கு என்று வந்து அப்படியே தங்கிவிட்ட தமிழர்கள் இங்கே நிறையப் பேர் உண்டு, நானும் அந்தக் கூட்டம்தான். ஐ-74 நெடுஞ்சாலையில் ஏறினால் முக்கால் மணிக்குள் மார்ட்டன் வந்துவிடும். வழி நெடுக மக்காச்சோளமும் சோயாவும்தான், கண்ணுக்கெட்டிய வரை தட்டை. மார்ட்டன் தன்னை 'உலகின் பூசணித் தலைநகர்' என்று சொல்லிக்கொள்ளும் ஊர். அமெரிக்கர்கள் தேங்க்ஸ்கிவிங் சமயத்தில் பை (pie) என்ற இனிப்புப் பண்டம் செய்ய வாங்கும் டப்பாப் பூசணியில் பெரும்பகுதி அங்குள்ள ஆலையிலிருந்துதான் வருகிறது. இப்படி மேசை போலப் பரந்த பூமியில் காடு எங்கே என்று தோன்றும். ஏர் ஓட்ட முடியாத ஓடைச் சரிவுகளில்தான் இந்தப் பக்கத்துக் காடுகள் மிஞ்சியிருக்கின்றன. அதனால் மரங்களோடு மேடு பள்ளமும் சேர்ந்தே கிடைக்கும்.

ஒவ்வொரு கோடையிலும் பியோரியா சுற்றுவட்டாரத்தில் நடக்கும் லெட்ஜ்ஸ்டோன் ஓபன் போட்டிக்குப் பயன்படும் மைதானங்களில் இதுவும் ஒன்று. பியோரியாவில்தான் 2019 உலக சாம்பியன்ஷிப்பும் நடந்தது, ஆண்களில் பால் மெக்பெத்தும் பெண்களில் பெய்ஜ் பியர்ஸும் ஜெயித்தார்கள். லெட்ஜ்ஸ்டோன் ஆட்டங்கள் யூடியூபில் கிடைக்கும். போவதற்கு முன் ஒரு ரவுண்டாவது பாருங்கள். நானூறு, ஐந்நூறு அடி அநாயாசமாக எறிகிறவர்கள் மரத்தில் அடித்து, புதருக்குள் குனிந்து, பக்கவாட்டில் பேர்வேக்கு (மரங்களுக்கு நடுவே கூடைக்குப் போகும் திறந்த வழி) எடுத்துப் போட்டுவிட்டுப் பேசாமல் நடப்பார்கள். கவனிக்க வேண்டியது அதைத்தான்.

ஏன் முதல் அறுபது அடி? ஒரு சின்னக் கணக்கு. கையை விடும்போது ஐந்து டிகிரி பிசகினால், அறுபதாவது அடியில் டிஸ்க் சுமார் ஐந்தடி விலகியிருக்கும். அங்கே இரண்டு மரங்களுக்கு நடுவே பத்தடி இடைவெளி என்று வையுங்கள். நட்டநடுவைக் குறிவைத்திருந்தாலும் அந்த ஐந்து டிகிரியில் மரத்தில் அடித்துவிடும். அதே ஐந்து டிகிரிப் பிசகைத் திறந்தவெளியில் முந்நூறு அடி ஹோலில் செய்தால், கூடையிலிருந்து இருபத்தாறு அடி தள்ளி விழும். அதாவது கூடையைச் சுற்றிய பத்து மீட்டர் வட்டத்துக்குள், புட் (கூடைக்குள் போடும் கடைசிக் குட்டி எறிதல்) போடும் தூரத்தில்! ஒரே தவறுதான். பார்க்கில் 'நல்ல ஷாட்' என்று கைதட்டல் கிடைக்கும், இங்கே மூன்றாவது மரத்தில் டமார். உங்கள் கை திடீரென்று கெட்டுப்போய்விட்டதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். பிசகு முன்பும் இருந்தது, யாரும் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் பயிற்சியும் மாற வேண்டும். வீட்டுப் பக்கத்துப் பார்க்கில் பத்துப் பன்னிரண்டு அடி இடைவெளியில் இரண்டு மரங்களைத் தேடிப் பிடியுங்கள். இருபது பெரிய தப்படி பின்னால் வந்து நின்று, ஒரு புட்டரை (மெதுவாகப் பறக்கும், புட் போடுவதற்கான டிஸ்க்) எடுத்து நடுவே எறியுங்கள். அந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போய் விழுகிறது என்று பார்க்கவே வேண்டாம். பத்துக்கு எத்தனை நடுவில் போகிறது என்று மட்டும் எண்ணுங்கள். முதல் நாள் வெறுப்பாக இருக்கும்.

அப்புறம் டிஸ்க் தேர்வு. பையில் இருக்கும் அகல விளிம்பு டிரைவர்களை (தூரம் போவதற்கான வேக டிஸ்க்குகள்) காரிலேயே வைத்துவிடுங்கள் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை, ஆனாலும் சொல்கிறேன். பன்னிரண்டு, பதின்மூன்று என்று ஸ்பீடு எண் போட்ட டிரைவர் அது கேட்கும் வேகத்தில் கையை விட்டுப் போனால்தான் நேராகப் பறக்கும். வேகம் குறைந்தால், வலது கை பேக்ஹேண்டில் (கையை மார்புக்குக் குறுக்கே இழுத்து வீசும் எறிதல்) சீக்கிரமே இடது பக்கம் சரிந்து காட்டுக்குள் போய்விடும். மரத்தில் பட்டாலும் பிரச்சினைதான். கேரம் போர்டில் வேகமாக அடித்த காய் எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாதே, அதே கதை. புட்டரோ மிட்ரேஞ்சோ (புட்டருக்கும் டிரைவருக்கும் நடுத்தர வேக டிஸ்க்) பட்டால் பெரும்பாலும் அந்த மரத்தடியிலேயே சுருண்டு விழும். டிஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் 'பஸ்' (Buzzz) போல 5, 4, -1, 1 எண்கள் (வேகம், மிதப்பு, திருப்பம், கடைசிச் சரிவு) கொண்ட ஒரு மிட்ரேஞ்ச், ஒரு புட்டர், இடது வலது திருப்பங்களுக்குத் தலா ஒரு டிஸ்க். இது போதும். மரத்தில் அடிபட அடிபட எந்த டிஸ்க்கும் வலது கை பேக்ஹேண்டில் வலப்பக்கம் திரும்பும் குணத்துக்கு மாறிக்கொண்டே வரும் என்பதால், புத்தம் புதிதை இங்கே கொண்டுவந்து பாழாக்காமல் பழையதையே எடுத்து வாருங்கள்.

'புட்டரை வைத்துக்கொண்டு அவ்வளவு நீள ஹோலை எப்படி முடிப்பது?' என்றுதான் அடுத்து கேட்பீர்கள். ஐந்நூறு அடி, பார் 4 (நான்கு எறிதலில் முடிக்க வேண்டிய ஹோல்) என்று வையுங்கள். நூற்றெழுபது அடி வீதம் நேராக மூன்று முறை எறிந்தால் கூடைக்குப் பக்கத்தில் நிற்பீர்கள். ஒரு புட். பார். நூற்றெழுபது அடி என்பது உங்களுக்கு அரைக்கை எறிதல். முழுக்கையை வீசி, முதல் எறிதல் நாற்பதாவது அடி மரத்தில் பட்டு பக்கவாட்டுப் புதருக்குள் போனால், அங்கிருந்து வெளியே வரவே ஒன்று போய்விடும். எங்கள் ஆபீஸிலிருந்து வரும் ஈரோட்டுத் தம்பி ஒருவன் இந்தக் கணக்கிலேயே ஆடுவான். டீயில் யாராவது டிரைவரைக் கையில் எடுத்தாலே, 'அண்ணா, அது மரத்துக்குத் தீனிண்ணா' என்பான். அவனைவிட நூறடி கூடுதலாக எறிகிறவர்கள் அவனுக்குப் பின்னால்தான் முடிப்பார்கள்.

அவனிடம் இன்னொரு வசதியும் உண்டு, உங்களிடமும் இருக்கலாம். கிரிக்கெட்டில் பாயின்ட்டில் நின்று பக்கவாட்டுக் கையால் ஸ்டம்புக்கு எறிந்து பழகியவர்களுக்கு, அதே மாதிரி எறியும் ஃபோர்ஹேண்ட் சீக்கிரம் வரும். அமெரிக்கர்கள் பலர் பேக்ஹேண்டில் தொடங்கி, ஃபோர்ஹேண்டை அப்புறம் சிரமப்பட்டுக் கற்பதைப் பார்த்திருக்கிறேன். காட்டில் இரண்டும் வேண்டும். வலது கைக்காரருக்கு பேக்ஹேண்ட் கடைசியில் இடது பக்கம் விழும், ஃபோர்ஹேண்ட் வலது பக்கம். பேர்வே எந்தப் பக்கம் வளைகிறதோ அதற்கேற்ற கையை எடுக்கலாம். மரத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, கையைப் பின்னுக்கு இழுக்கவே இடமில்லாத நேரத்தில் மணிக்கட்டால் மட்டும் சுண்டும் குட்டி ஃபோர்ஹேண்ட்தான் காப்பாற்றும்.

எல்லோரும் மறக்கும் ஒன்று, கூரை. இடைவெளியை இடம் வலமாக மட்டும் பார்த்துவிட்டு, மேலே தொங்கும் கிளையைக் கவனிக்காமல் எறிவோம். தூரம் போக வேண்டுமென்றால் டிஸ்க் கொஞ்சம் உயரம் எடுத்தாக வேண்டும். பத்தடி உயரத்தில் கிளை படர்ந்திருந்தால் அந்த உயரம் கிடையாது. உங்கள் வழக்கமான தூரத்தில் ஒரு பங்கை அங்கேயே கழித்துக்கொள்ளுங்கள். டீயில் நின்று எறிவதற்கு முன் ஒரு முறை குந்தி உட்கார்ந்து பாருங்கள். டிஸ்க் போகும் மட்டத்திலிருந்து பார்த்தால் வழி வேறு மாதிரி தெரியும். பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

மாட்டிக்கொண்ட பிறகு என்ன செய்வது? இங்கே விதிகள் தெரிந்திருப்பது நல்லது. டிஸ்க் கிடந்த இடத்தில் குட்டி மார்க்கரை வைத்தால், அதன் பின்னால் இருபது சென்டிமீட்டர் அகலமும் முப்பது சென்டிமீட்டர் நீளமும் உள்ள கட்டத்துக்குள் ஏதாவது ஒரு பாகம் தரையில் இருக்க வேண்டும். பாதம்தான் என்றில்லை. முட்டி போட்டும் எறியலாம், தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் அதுதான் வழி. உயிருள்ள கிளையை ஒடிக்கவோ வளைத்துப் பிடிக்கவோ கூடாது. கால் வைக்கும் இடத்தில் உதிர்ந்து கிடக்கும் சுள்ளி, சருகை ஒதுக்கிக்கொள்ளலாம். முள்ளுக்குள் நிற்கவே முடியாவிட்டால் ஒரு எறிதல் அபராதம் ஏற்றுக்கொண்டு, கூடைக்கும் டிஸ்க்குக்கும் இடையிலான அதே நேர்க்கோட்டில் பின்னால் வந்துவிடலாம். இதை யாரும் பயன்படுத்துவதே இல்லை. கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறார்களோ என்னவோ.

உண்மையான கஷ்டம் ஒன்று: மரங்களுக்கு நடுவே தூரத்தில் கூடை பளிச்சென்று தெரியும். பிளேட் அகலத்துக்கு ஒரு சந்தும் தெரியும். 'போய்விடும்' என்று மனசு சொல்லும். அந்தச் சந்து வழியாக நீங்கள் பத்து எறிந்தால் எத்தனை போகும் என்று உங்களையே கேளுங்கள். ஐந்துக்குக் குறைவு என்றால் பேர்வே எந்தப் பக்கம் கிட்டத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கம் எடுத்துப் போடுங்கள், பின்பக்கமாக இருந்தாலும் சரி.

டிஸ்க்கைத் தேட விதிப்படி மூன்று நிமிடம். கிடைக்காவிட்டால் ஒரு அபராதம், முன்பு எறிந்த இடத்திலிருந்தே மறுபடி எறிய வேண்டும். அதனால் எறிந்தவர் மட்டுமல்ல, கூட வந்தவர்களும் கண்ணை எடுக்காமல் எந்த மரத்தருகே விழுந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அக்டோபர், நவம்பரில் சருகு கணுக்கால் வரை கிடக்கும். டிஸ்க் படுக்கையாகச் சறுக்கி சருகுக்கு அடியில் புகுந்துவிடும், மேலே நின்றுகொண்டே தேடுவோம். அந்தச் சமயத்தில் சிவப்பும் ஆரஞ்சும் கண்ணுக்குத் தெரியாது, பச்சை கோடையில் தெரியாது. பளீர் பிங்க்கும் வெளிர்நீலமும் எல்லாக் காலத்துக்கும் சரி. ஆணா பெண்ணா என்று பார்க்காமல் பிங்க் வாங்குங்கள்.

கோடையில் போனால் முழுப் பேன்ட். பாய்சன் ஐவி என்று ஒரு கொடி, ஒவ்வொரு காம்பிலும் மும்மூன்று இலை, மரத்திலும் ஏறும், தரையிலும் படரும். அதன் எண்ணெய் தோலில் பட்டால் நாள்கணக்கில் அரிப்பும் கொப்புளமும்தான். நீங்கள் தொடாவிட்டாலும் டிஸ்க் அதன் மேல் விழுந்து, அதை நீங்கள் எடுத்து, அதே கையால் முகத்தைத் துடைத்தால் முடிந்தது கதை. ஒரு ஈரத்துண்டு பையில் இருக்கட்டும், வீட்டுக்கு வந்ததும் டிஸ்க்குகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். உண்ணியும் உண்டு. குளிக்கும்போது முட்டிக்குப் பின்பக்கம், அக்குள், சாக்ஸ் விளிம்பு எல்லாம் பாருங்கள்.

மற்றவர் எறியும்போது அவருக்கு முன்னாலோ பக்கவாட்டிலோ நிற்காதீர்கள். நூற்றெழுபது கிராம் பிளாஸ்டிக் மரத்தில் பட்டுத் திரும்பி வந்தால் பல் போகும். அவருக்குப் பின்னால், முடிந்தால் ஒரு தடித்த மரத்தை மறைப்பாக வைத்து நில்லுங்கள். மரம் அந்த ஒரு விஷயத்தில் நம் கட்சி.

காட்டு மைதானம் என்றால் வெறும் அதிர்ஷ்டம், கண்ணை மூடிக்கொண்டு எறிய வேண்டியதுதான் என்று ஒரு பேச்சு எப்போதும் உண்டு. வழியே விடாமல் மரங்களை அப்படியே வைத்துவிட்டு நடுவில் கூடையை நட்ட மைதானங்களைப் பற்றி என்றால் ஒப்புக்கொள்கிறேன், அப்படியும் சில இருக்கின்றன. நார்த்வுட் பிளாக்கில் வழி இருக்கிறது. குறுகலாக இருக்கிறது, அவ்வளவே. நல்ல எறிதலுக்கு மரம் குறுக்கே வந்தது என்று அங்கே நான் கேட்ட புலம்பல்களில் பெரும்பாலானவை நல்ல எறிதல்களே அல்ல.

எப்போது போகலாம் என்றால், முதல் முறைக்கு ஏப்ரல்தான் என் ஓட்டு. இலை விட்டிருக்காது, வழி தெளிவாகத் தெரியும், பாய்சன் ஐவியும் அப்போதுதான் துளிர்க்கத் தொடங்கும். மழை பெய்து மறுநாள் போகாதீர்கள், சரிவுகள் வழுக்கும். வார நாள் காலை என்றால் பின்னால் யாரும் காத்திருக்கும் அவசரம் இருக்காது. நான்கு பேருக்கு மேல் சேராதீர்கள், பதினெட்டு ஹோல் முடிக்க பார்க்கில் ஆகிற நேரத்தைவிட நிறையவே ஆகும். தண்ணீரும் சாப்பிட ஏதாவதும் கையோடு எடுத்துப் போங்கள்.