ரியாத் வறட்சியும் மூக்கில் ரத்தமும்

தம்பி, உசிலம்பட்டி வெயில்ல வளர்ந்தும் ரியாத் போன பத்தே நாள்ல மூக்குல ரத்தம், தலைவலி, வேர்வையே இல்லைன்னு எழுதியிருக்கீங்க. பயப்படாதீங்க. நானும் திருமங்கலத்துக்காரன், அங்க வேலை பார்த்தவன்.

வேர்வை வருது தம்பி. நம்மூர்ல சட்டை நனையும். அங்க காத்து அவ்வளவு வறட்சி, வந்த சுவடு தெரியாம காய்ஞ்சு, முதுகுல வெள்ளையா உப்புக்கோடு மட்டும் நிக்கும். அதனால தாகத்துக்குக் காத்திருக்காதீங்க. சிறுநீர் அடர் மஞ்சளாப் போனா தண்ணி பத்தலைன்னு அர்த்தம். மதியம் லபன்ல உப்புப் போட்டுக் குடிங்க, நம்ம மோர் மாதிரியேதான். படுக்கும்போது மூக்குக்குள்ள லேசா வாசலின் தடவுங்க. ஒண்ணு ரெண்டு வாரத்துல உடம்பு பழகிரும்.

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12லேர்ந்து 3 மணி வரை வெட்டவெளியில வேலை வாங்க அங்க சட்டப்படி தடை. யார் சொன்னாலும் அந்த நேரம் வெயில்ல நிக்காதீங்க. மூக்கை அழுத்திப் பிடிச்சும் 20 நிமிஷத்துல ரத்தம் நிக்கலைன்னா ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.