கேள்வி–பதில்: பெரிய நிறுவனத்தின் கீழ் வயதுவந்தோர் வகுப்பு

கேள்வி: லண்டன் ஹாரோவில் பதிவான எங்கள் தொண்டு நிறுவனம் பெரியவர்களுக்கு ஆங்கில வகுப்பு நடத்துகிறது. அரசின் வயதுவந்தோர் பயிற்சி நிதி வாங்கும் பெரிய நிறுவனமொன்று எங்களைத் துணை ஒப்பந்தத்துக்கு அழைக்கிறது. 60,000 பவுண்டு என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

பதில்: அந்த 60,000 முழுவதும் கைக்கு வராது. முதலில் அவர்களின் நிர்வாகக் கட்டணம் கழியும். லண்டன் மேயரகத்தின் நிதி என்றால் அதற்கு உச்சவரம்பு 20 விழுக்காடு. 12,000 போக மிச்சம் 48,000. அதிலும் ஐந்தில் ஒரு பங்கு, 9,600, மாணவர் படிப்பை முடித்துத் தேறினால்தான். பத்துக்கு எட்டுப் பேர் தேறினால் 1,920 பவுண்டு போனது போனதுதான். மாணவர் விவரத்தை மாதாமாதம் ஏற்றிய பிறகே பணம் வரும் என்பதால், மூன்று மாத ஆசிரியர் சம்பளமும் மண்டப வாடகையும் கையிருப்பில் இல்லாமல் இறங்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் ‘அதிகபட்சம்’ என்ற சொல் எங்கே வருகிறதென்று பாருங்கள். அநேகமாக அந்தத் தொகை உச்சவரம்புதான், உத்தரவாதம் அல்ல. மாணவர் சேர்க்கை குறைந்தால் ஆண்டு நடுவே குறைத்துவிடுவார்கள். 12,000 பவுண்டுக்கு என்ன செய்து தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்: வகுப்பைப் பார்வையிடுவது யார், விவரம் ஏற்றுவது யார், தேர்வுப் பதிவுக் கட்டணம் யார் தலையில்? எல்லாம் உங்கள் வேலை என்றால் 20 விழுக்காடு அநியாயம், பேரம் பேசுங்கள்.

வேலையில்லாதவர்களுக்கு வேலை தேடித்தர பிரிட்டிஷ் அரசு 2011 ஜூனில் தொடங்கிய வேலைவாய்ப்புத் திட்டத்தில் நடந்ததை மறக்க வேண்டாம். ஒப்பந்தம் கிடைக்கும்வரை பெரிய நிறுவனங்கள் தொண்டு நிறுவனங்களின் பெயரை முன்னால் வைத்தன. கிடைத்த பிறகு வேலை தேடும் ஓர் ஆளைக்கூட அவர்களிடம் அனுப்பாத இடங்கள் உண்டு. இலையோரத்து ஊறுகாய்தான்.

கேள்வி: வருகைப் பதிவேடு சரியாக இருந்தும் சில மாணவர்களுக்குப் பணம் இல்லை என்கிறார்கள். ஏன்?

பதில்: முதலில் அஞ்சல் குறியீட்டைப் பாருங்கள். படிப்பு தொடங்கும் நாளில் மாணவர் எங்கே குடியிருக்கிறார் என்பதே கணக்கு. வாட்ஃபோர்டிலிருந்து ஹாரோவுக்கு வந்து படிப்பவருக்கு லண்டன் நிதி கிடையாது. வாட்ஃபோர்ட் ஹார்ட்ஃபோர்ட்ஷயரைச் சேர்ந்தது. படிப்பின் நடுவே வீடு மாறினால் பாதகமில்லை.

அடுத்தது நாள் கணக்கு. 168 நாளோ அதற்கு மேலோ திட்டமிட்ட படிப்பில் மாணவர் 42 நாள் நிலைத்தால்தான் அவர் கணக்கில் சேர்வார். 14 முதல் 167 நாள்வரை என்றால் 14 நாள். இவை வகுப்பு நாட்கள் அல்ல, காலண்டர் நாட்கள். நீண்ட படிப்பில் 40ஆம் நாள் விலகியவருக்கு ஒரு பென்னிகூட வராது. ஆறாவது வாரத்துக்கு முன் தொடர்ந்து வராதவரை அழைத்துப் பேசுவது அதற்காகத்தான்.

தணிக்கையில் மாட்டுவது பெரும்பாலும் தேதி. பதிவேட்டில் முதல் வகுப்பு செப்டம்பர் 2, சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்து செப்டம்பர் 9 என்றால் அந்த மாணவருக்கான பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். வெள்ளை மை பூசித் திருத்தினால் இன்னும் மோசம். கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இடுங்கள்.

கேள்வி: ஆசிரியர் கிடைக்காததால் ஒரு வகுப்பை வேறொரு சங்கத்திடம் ஒப்படைக்கலாமா?

பதில்: கூடாது. துணை ஒப்பந்தத்துக்குக் கீழே இன்னொரு துணை ஒப்பந்தத்துக்கு விதியில் இடமில்லை. அந்தச் சங்கத்தின் ஆசிரியரை நீங்களே நேரடியாக அமர்த்தி, உங்கள் மேற்பார்வையில் நடத்துங்கள், அதற்குத் தடையில்லை.