பழைய கட்டடம் என்றால் விலக்கு உண்டா?

கேள்வி: எங்கள் பேரூராட்சி அலுவலகத்தில் வரி, பிறப்புச் சான்றிதழ்ப் பிரிவுகள் மாடியில் உள்ளன. சக்கர நாற்காலியில் செல்லும் என் தங்கையால் வாசலில் உள்ள 4 படிகளையே கடக்க முடிவதில்லை. எழுத்தர் இரக்கப்பட்டு வெளியே வந்து கையெழுத்து வாங்கிக்கொள்கிறார். சாய்தளம் கேட்டால், பழைய கட்டடம், ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது?
- ஒரு வாசகி, நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: எழுத்தரின் நல்ல மனத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அவர் மாறுதலாகிப் போனால் உங்கள் தங்கையின் நிலை என்ன? பழைய கட்டடம் என்பதைச் சட்டம் விலக்காகக் கருதவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 45-ஆம் பிரிவு, ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களையும் விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் மாற்றியமைக்கச் சொல்கிறது. விதிகள் வெளிவந்தது 2017 ஜூனில். அவற்றில் அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரைகளாக இருந்ததால், ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று 15(1)-ஆம் விதியைச் செல்லாது என அறிவித்து, கட்டாயத் தரங்களை வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

சாய்தளம் கட்ட ஒப்புக்கொண்டால், அளவை எழுத்தில் கேளுங்கள். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பதே ஏற்கப்பட்ட சரிவு. உங்கள் 4 படிகளும் தலா 15 செ.மீ. என்றால் மொத்த உயரம் 60 செ.மீ.; அதற்கு 7 மீட்டருக்குச் சற்று அதிகமான நீளமும் இருபுறமும் கைப்பிடியும் வேண்டும். பல அலுவலகங்களில் ஒன்றரை மீட்டரில் முடித்துவிடும் செங்குத்தான சிமெண்ட் சரிவு, இரு சக்கர வாகனங்களை மேலே ஏற்றத்தான் உதவுகிறது. மாடிப் பிரிவுகளுக்கு அவ்வளவு செலவுகூடத் தேவையில்லை: பொதுமக்கள் வரும் மேசைகளைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற ஓர் அலுவலக ஆணை போதும்.

செயல் அலுவலருக்கு மனு கொடுத்து ஒப்புகை பெற்று, நகலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு அனுப்புங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்திலும் அதைப் பதிவு செய்யலாம். அங்கும் பயனில்லையெனில் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம். சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கோரவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் பரிந்துரைத்தால், அலுவலகம் 3 மாதங்களுக்குள் செயல்பட வேண்டும். ஏற்காவிட்டால் காரணத்தை உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க 2025-இல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்துள்ளது. உங்கள் பேரூராட்சியில் அப்படி ஓர் உறுப்பினர் இருந்தால், மன்றக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருமாறு அவரிடம் கேளுங்கள்.