இங்கிலாந்தின் சிறு கிராமங்களில் உங்களை அதிகம் கவர்ந்தது எது, ஏன்?

லாக்ஸ்டன். நாட்டிங்ஹாம்ஷயரில், நியூவார்க் நகரத்துக்கு வடக்கே இருக்கிறது. படம் எடுக்கத் தோதான, பூந்தோட்டமும் கல் வீடுமான கிராமத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். செங்கல் வீடுகள், ஒரு பழைய தேவாலயம், ஒரு பப், அவ்வளவுதான். விசேஷம் ஊருக்கு வெளியே, வயலில் இருக்கிறது.

இடைக்கால இங்கிலாந்தில் பல ஊர்களில் விவசாயம் நடந்த விதம் இது: ஊரைச் சுற்றி இரண்டு மூன்று பெரிய வயல்கள், நடுவே வேலியே கிடையாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் எல்லா வயலிலும் நீள நீளமான துண்டுகள் சிதறிக் கிடக்கும். நல்ல மண் ஒருவருக்கே போய்விடாது. 18ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பாராளுமன்றம் ஆயிரக்கணக்கான தனிச் சட்டங்கள் போட்டு இந்த நிலங்களைப் பிரித்து வேலி அடைக்க அனுமதித்தது. பொதுப் புல்லில் ஒரு மாட்டை மேய்த்துப் பிழைத்தவர்கள்தான் அதில் அதிகம் இழந்தார்கள். லாக்ஸ்டனிலும் கொஞ்சம் கொஞ்சமாக வேலி வந்தது, துண்டுகளையும் பல முறை சேர்த்துப் பெரிதாக்கினார்கள். ஆனாலும் நிலம் இரண்டு பிரபுக் குடும்பங்களிடம் பிரிந்து கிடந்ததால் முழுசாக அடைக்க முடியவில்லை. மேற்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல் என மூன்றும் இன்றும் திறந்தே கிடக்கின்றன. ஒரு வருஷம் குளிர்காலக் கோதுமை, அடுத்த வருஷம் வசந்தப் பயிர், மூன்றாம் வருஷம் தரிசு அல்லது தீவனம் என்று சுழற்சி. ஒருவருடைய நிலம் இப்படிப் பல திசையில் இருப்பதால் பண்ணை வீடுகள் வயலுக்குள் இல்லாமல் ஊர்த் தெருவிலேயே இருக்கின்றன.

வேலி இல்லாத இடத்தில் எல்லைத் தகராறு வராதா? வரும். அதற்குத்தான் 'கோர்ட் லீட்' என்ற ஊர் நீதிமன்றம். எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான். நவம்பர் கடைசியில், கோதுமை விதைத்து முடிந்ததும், விவசாயிகளிலிருந்தே எடுத்த ஜூரிகள் அந்த வருஷத்துக் கோதுமை வயலைச் சுற்றி வருவார்கள். வண்டிப் பாதையையோ பொதுப் புல்லையோ யாராவது சேர்த்து உழுதிருந்தால் கண்டுபிடித்து, சரியான எல்லையில் மரமுளை அடித்துவிட்டுப் போவார்கள். அடுத்த வாரம் டவ்கோட் இன் என்ற அந்த பப்பில் நீதிமன்றம் கூடும். தப்பு செய்தவருக்கு அபராதம். தொகை சிறியதுதான். ஆனால் பக்கத்து நிலத்துக்காரர் முன்னால் பெயர் வாசிக்கப்படுகிறதே, அதற்குத்தான் ஆட்கள் பயப்படுவார்கள் என்று நினைக்கிறேன்.

வயலுக்கு இடையே ஏர் போகாத தாழ்வான ஈரப் புல்வெளிகளை 'சைக்ஸ்' என்கிறார்கள். அங்கே விளையும் வைக்கோல் புல்லை வருஷா வருஷம் ஊர்க்காரர்களுக்குள் ஏலம் விடுவார்கள். கலப்பை படாததால் காட்டுப் பூக்கள் செழித்து, அவை பாதுகாக்கப்பட்ட இடமாகிவிட்டன.

இத்தனையும் பழைய நாளில் எப்படி இருந்தது என்று நமக்குத் தெரிவது ஒரு வரைபடத்தால். லண்டன் வணிகர் சர் வில்லியம் கோர்ட்டன் இந்த ஊரை வாங்கிய பிறகு, 1635இல் மார்க் பியர்ஸ் என்ற அளவையாளர் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக வரைந்தார். உழுகிறவர்கள், அறுக்கிறவர்கள், மேயும் கால்நடைகள் என்று சின்னச் சின்ன உருவங்களும் அதில் உண்டு. மூலப் படம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. சாதாரண உழவர்களின் நிலத்தை இவ்வளவு அக்கறையாக வரைந்த படத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

உரிமை பல கை மாறியது. 1952இல் அப்போதைய உரிமையாளர் மேன்வர்ஸ் பிரபு, இந்தத் திறந்த வயல் விவசாயம் அழியக்கூடாது என்றுதான் விவசாய அமைச்சகத்துக்கு விற்றார். 1981இல் அது அரச சொத்துகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டிடம் போனது. 2020இல் மறுபடியும் மேன்வர்ஸ் வழிவந்த தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கே வந்தது. நிலத்தின் சொந்தக்காரர் யாரானாலும் குத்தகை விவசாயிகள் தொடர்ந்து உழுதால்தான் இந்த ஏற்பாடு நிற்கும். பெரிய இயந்திரங்களின் காலத்தில் சிதறிய துண்டுகளை உழுவது லாபமான வேலை இல்லை. அதனால் அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

நீங்கள் போவதாக இருந்தால் ஜூன் கடைசி நல்ல சமயம், சைக்ஸில் பூ இருக்கும். பப்புக்குப் பக்கத்திலேயே சிறிய கண்காட்சிக் கூடம் ஒன்று இருக்கிறது, முதலில் அதைப் பார்த்துவிட்டு வயலுக்குப் போங்கள். தேவாலயத்துக்கு வடக்கே நார்மன் காலக் கோட்டையின் மண்மேடு உண்டு, அதையும் விட்டுவிடாதீர்கள். களிமண் பூமி, மழை பெய்திருந்தால் நல்ல பூட்ஸ் அவசியம்.