மாற்ற வேண்டியது பால் பாக்கெட்டின் நிறம் அல்ல, பாலின் அளவு: மாவுச்சத்து குறைந்த மசாலா டீ

தண்டையார்பேட்டை வாசகி ஒருவரின் கேள்வி: “அம்மாவுக்கு வயது 58, சர்க்கரை நோய் இருக்கிறது. மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஆனால் நாளுக்கு நாலு டீ இல்லாமல் அம்மாவுக்கு ஓடாது. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை போடுகிறோம். ஆவின் பச்சை பாக்கெட்டை விட்டு நீலத்துக்கு மாறிவிட்டோம். பாலையும் குறைத்துப் பார்த்தோம், கசக்கிறது, தண்ணியாக இருக்கிறது என்று தள்ளி வைத்துவிட்டார். இஞ்சி, ஏலக்காய் போட்டு அம்மா குடிக்கிற மாதிரி டீ போட வழி உண்டா?”

உண்டு. ஆனால் நீங்கள் செய்த முதல் இரண்டு மாற்றங்களாலும் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) குறையவில்லை. நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாமே ரத்தத்தில் சேரும்போது சர்க்கரைதான். ஒரு டீஸ்பூனுக்கு 4 முதல் 6 கிராம் வரை வந்துவிடும். பால் விஷயமும் அப்படியே. நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. மாறுவது கொழுப்பு மட்டும்தான். பாலில் இயல்பாக இருக்கும் சர்க்கரையான லாக்டோஸ், எந்த நிறப் பாக்கெட்டாக இருந்தாலும் 100 மி.லி.க்கு 5 கிராமை ஒட்டித்தான் இருக்கும். லாக்டோஸ் நீக்கிய பால் என்று விற்பதை வாங்கினாலும் இதே கணக்குதான். அதில் லாக்டோஸை குளுக்கோஸ், கேலக்டோஸ் என்று உடைத்து வைத்திருக்கிறார்கள், எடுத்து வெளியே போட்டுவிடவில்லை. வயிறு உப்புசம் உள்ளவர்களுக்கு உதவும், சர்க்கரைக்காரர்களுக்கு உதவாது.

100 மி.லி. பால், இரண்டு ஸ்பூன் சர்க்கரை சேர்ந்த ஒரு டம்ளர் டீயில் சுமார் 15 கிராம் மாவுச்சத்து. நாலு டம்ளருக்கு 60 கிராம். கீழே சொல்லும் முறையில் ஒரு டம்ளருக்கு 3 கிராம் அளவில் நின்றுவிடும்.

பாலைக் குறைத்ததும் ஏன் கசந்தது? டீயின் துவர்ப்புக்குக் காரணமான டானின்களைப் பாலில் உள்ள புரதம் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலைப் பாதியாக்கிவிட்டு, டீத்தூளையும் கொதிக்கவிடும் நேரத்தையும் பழையபடியே வைத்தால், பிடிக்க ஆளில்லாத டானின் அத்தனையும் நாக்கில் ஏறும். அந்தக் கசப்பை மறைக்கத்தான் கை சர்க்கரை டப்பாவைத் தேடுகிறது. அதனால் இந்த டீயில் மசாலா நன்றாகக் கொதிக்க வேண்டும், டீத்தூள் கொஞ்ச நேரமே கொதிக்க வேண்டும். வீடுகளில் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்க விடுகிறார்கள்.

இரண்டு டம்ளருக்கு அளவு சொல்கிறோம். தண்ணீர் 220 மி.லி. தோல் சீவிய இஞ்சி, கட்டைவிரல் நுனி அளவு, சுமார் 8 கிராம். ஏலக்காய் 3, கிராம்பு 2, மிளகு 4, பட்டை அரை அங்குலம், சோம்பு கால் டீஸ்பூன். பொடியாக இருக்கும் டஸ்ட் டீத்தூள் என்றால் தலைதட்டி ஒன்றரை டீஸ்பூன். பச்சை பாக்கெட் பால் 80 மி.லி. ஃப்ரெஷ் கிரீம் 2 டேபிள்ஸ்பூன்.

சோம்பை விட்டுவிடாதீர்கள். சோம்பும் ஏலக்காயும் சர்க்கரை இல்லாமலே வாயில் ஓர் இனிப்பு வாடையைக் கொடுக்கும். ஏலக்காயைத் தோலோடு தட்டுங்கள். கடையில் வாங்கும் ஏலப்பொடியில் வாசனை பாதி போயிருக்கும். சௌகார்பேட்டை பக்கம் போனால் பச்சை நிறம் மங்காத ஏலக்காயைப் பார்த்து, கொஞ்சமாக வாங்கி வாருங்கள். பட்டையில் கவனம் வேண்டும். கெட்டியாக ஒற்றைச் சுருளாக இருப்பது சாதாரணப் பட்டை. தினமும் ஸ்பூன் கணக்கில் சாப்பிட்டால் அது கல்லீரலுக்கு ஆகாது. இங்கே சொன்ன துண்டு அளவில் பயமில்லை. மெல்லிய ஏடுகளாகச் சுருண்டிருக்கும் இலங்கைப் பட்டை கிடைத்தால் இன்னும் நல்லது.

மசாலாவை இடிகல்லில் ஒன்றிரண்டாகத் தட்டி, தண்ணீரில் போட்டு, மூடியைப் பாதி சாய்த்து, சிறு தீயில் 6 நிமிடம் கொதிக்க விடுங்கள். இஞ்சி கொதிக்கும் தண்ணீரில்தான் விழ வேண்டும். பச்சை இஞ்சியில் பாலைத் திரிக்கும் நொதி இருக்கிறது. வெதுவெதுப்பான பாலில் நேராகப் போட்டால் திரிந்துவிடும், நன்றாகக் கொதித்துவிட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும். பால் கெட்டுப்போய்விட்டது என்று பால்காரரைத் திட்டும் பல நாட்களில் குற்றவாளி இஞ்சிதான்.

இனி டீத்தூள். போட்டதும் நுரை எழும்பி, பாத்திரத்தின் விளிம்பில் செம்பழுப்பாக ஒரு வளையம் கட்டும். அதிலிருந்து ஒரே நிமிடம். வளையம் கறுக்கும்வரை விட்டால் கசப்பு இறங்கிவிடும், பிறகு அதை எடுக்க வழியில்லை. ஏற்கெனவே காய்ச்சிய சூடான பாலை ஊற்றி, ஒரு பொங்கு வந்ததும் அடுப்பை அணைத்து உடனே வடிகட்டுங்கள். பாலைச் சுண்டக் காய்ச்சி ஊற்றும் பழக்கம் இருந்தால் விடுங்கள். தண்ணீர்தான் ஆவியாகும், லாக்டோஸ் அப்படியே தங்கி கெட்டிப்படும்.

கிரீம் கடைசியில். டம்ளருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் கிரீமில் அரை கிராம்போலத்தான் மாவுச்சத்து, ஆனால் “தண்ணியா இருக்கு” என்ற புகார் அதோடு தீரும். முதலில் இரண்டு ஸ்பூன் டீயை விட்டுக் கலக்கி, பிறகு மீதியை ஊற்றி, நாலைந்து தடவை உயரத் தூக்கி ஆற்றுங்கள். நுரை கட்டியதும் வாய்க்குக் கெட்டியாகத் தெரியும். கிரீமை அடுப்பில் கொதிக்க விட்டால் நெய் பிரிந்து மேலே மிதக்கும். தேங்காய்ப் பாலுக்கும் இதே விதி, அடுப்பை அணைத்த பிறகுதான் சேர்க்க வேண்டும். கொலஸ்ட்ரால் அதிகம் உள்ளவர்கள் கிரீமை விட்டுவிட்டு, டம்ளருக்கு 50 மி.லி. பாலோடு நிறுத்திக்கொள்வதே சரி. டீ ஒயிட்னர் பொடி வேண்டாம், அதில் பெரும்பாலும் சர்க்கரை சேர்த்திருக்கும். பாதாம் மிக்ஸும் அப்படியே.

இனிப்பு கட்டாயம் வேண்டும் என்றால் சீனித்துளசிச் சாறு ஒரு சொட்டு போதும். அதிகமானால் நாக்கில் கசப்பு தங்கும். எரித்ரிட்டால் என்ற மாற்று இனிப்பு ஒரு டீஸ்பூன் போடலாம், வாயில் லேசாகக் குளிர்ச்சி தெரியும். பொடியாக வரும் செயற்கை இனிப்புகளில் மால்டோடெக்ஸ்ட்ரின், டெக்ஸ்ட்ரோஸ் என்று எழுதியிருந்தால் அதுவும் மாவுச்சத்துதான். அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு சூட்டில் சிதையும் என்பதால் கொதிக்கும் டீயில் சேர்க்க வேண்டாம். அதிமதுரம் போடச் சொல்பவர்கள் உண்டு. இனிப்பு வருவது உண்மைதான், ஆனால் தினமும் எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் தொடவே கூடாது. கசப்பு மட்டும்தான் தொந்தரவு என்றால் இரண்டு விரலில் எடுக்கும் சிட்டிகையில் பாதி உப்பு போட்டுப் பாருங்கள். உப்பு தெரியாது, கசப்பு அடங்கும்.

எல்லாம் சரியாகச் செய்தும் டீ மங்கலாக, மேலே ஏடு படிந்து வந்தால் தண்ணீரைப் பாருங்கள். வட சென்னையில் பல இடங்களில் போர் தண்ணி உப்பும் கடினமுமாக இருக்கும். அதில் டீயின் நிறமும் மணமும் எழும்பாது. மெட்ரோ வாட்டர் அல்லது கேன் தண்ணீரில் போடுங்கள்.

அம்மா இன்சுலின் போடுகிறாரா, அல்லது சர்க்கரையை இறக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா? அப்படியானால் ஒரே நாளில் சுமார் 48 கிராமைக் குறைப்பதற்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவு பழையபடியே இருந்தால் லோ சுகர் ஆகலாம். படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் வந்தால் உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும், அப்போது இந்தக் கணக்கைப் பார்க்கக் கூடாது.

வெளியே குடிக்க நேர்ந்தால் “மாஸ்டர், ஒரு வித்தவுட், பால் கம்மியா” என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். வித்தவுட் என்று மட்டும் சொன்னால் சர்க்கரைதான் போகும், காலையிலிருந்து சுண்டிக்கொண்டிருக்கும் பால் முழுசாக விழும். கூடவே ரஸ்க் வேண்டாம். ஒரு ரஸ்க்கில் சுமார் 7 கிராம் மாவுச்சத்து, அதாவது வீட்டில் போடும் இந்த டீ இரண்டு டம்ளருக்கும் மேல்.